மழை திருடிய காளான்

1

இந்தக் கதை ஒரு சாவு வீட்டில் பிறந்தது. அங்கே ஊரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. எனக்கு மட்டும் பற்றிக்கொண்டு வந்தது. அந்த எரிச்சலைத் தவிர இதை எழுதுவதற்கு என்னிடம் வேறு உயர்ந்த நோக்கம் எதுவும் இல்லை.

உயர்ந்த நோக்கத்தைச் சென்னையிலிருந்து ஒரு பத்திரிகை ஆசிரியர் அனுப்பிவைத்தார். பெண் விஞ்ஞானிகள் சிறப்பிதழாம். "நீங்கள் ஜாம்பியாவிலேயே பாதி ஆயுளைக் கழித்த கணக்கு டீச்சர், அங்கே யாராவது இருந்தால் எழுதுங்கள். தடைகளைத் தாண்டி ஜெயித்தவராக இருக்கட்டும். படிக்கிற பெண்களுக்கு உற்சாகம் பிறக்க வேண்டும்."

யாராவது என்ன, லோம்பே கத்தோங்கோ இருக்கிறாள். கிட்வேயில் என் வீட்டுக்கு நாலாவது வீடு. காளான்களை ஆராய்வதையே பிழைப்பாக வைத்துக்கொண்ட இந்த நாட்டின் முதல் பெண்களில் ஒருத்தி. அவள் வழியில் தடைகளுக்குக் குறைவில்லை. அவற்றையெல்லாம் தாண்டி அவள் கடைசியில்

[இந்த வாக்கியத்தை மூன்று விதமாக முடித்துப் பார்த்தேன். மூன்றும் பொய். கிடக்கட்டும்.]

2

முதல் தொடக்கம் இப்படி இருந்தது: 'மழை விட்ட காலையில், ஆறு வயதுச் சிறுமி லோம்பே, மரத்தடியில் முளைத்திருந்த வெண்குடையை வியப்போடு...'

அவளிடமே படித்துக் காட்டினேன். வரி வரியாக அவள் மொழிக்கு மாற்றிச் சொல்லச் சொல்ல, வேர்க்கடலை வறுத்துக்கொண்டிருந்தவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"என்ன வியப்பு? மழைக்காலம் பூரா காலையில காளான், ராத்திரி காளான். கண்டாலே எரிச்சலா வரும். மீன் வேணும்னு தரையில உருண்டு அழுவேன். அதை எழுது."

இரண்டாவது தொடக்கம்: 'வெளிநாட்டில் பயிர் நோய்ப் படிப்பை முடித்துத் திரும்பிய லோம்பே, காளான் ஆராய்ச்சியே தன் லட்சியம் என்று...'

"லட்சியமா! நான் கேட்டது மக்காச்சோள நோய்ப் பிரிவு, டீச்சர். நேர்முகத்துக்குப் போனா, அங்க உக்காந்திருந்த பெரிய மனுஷன், 'நீ என்ன குலம்மா?'ன்னான். காளான் குலம்னேன்.* விழுந்து விழுந்து சிரிச்சான். 'அப்ப நீ காளானையே பாரு'ன்னு எழுதிட்டான். சோளம் ஒரு ஆம்பளைக்குப் போச்சு. நாலு வருஷம் குளிர்ல கெடந்து படிச்சதுக்கு அந்த ஆள் கேட்ட ஒரே கேள்வி அதுதான்."

* லோம்பேயின் பெம்பா மக்களிடம் முதலை, மீன், மழை, காளான் என்று குலங்கள் உண்டு. தாய் வழியாக வரும். சிறப்பிதழ் ஆசிரியர் இதைச் சாதி என்று திருத்திவிடாமல் இருக்க வேண்டும்.

"அப்புறம் எப்பக்கா காளான் பிடிச்சுது?"

கரண்டியை எடுத்துக் கடலையைக் கிளறினாள்.

"ஒரு நாள் ஒண்ணை அறுத்தேன். பால் வந்துச்சு. என் புருஷனைக்கூட நான் அப்படிப் பாத்ததில்ல."

இதைத் தொடக்கமாக வைக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. "புருஷன் உயிரோட இருக்கான், எடுத்துடு" என்றாள். எடுக்கவில்லை. அவருக்குத் தமிழ் தெரியாது.

3

நம் ஊரில் அத்தை மகன், மச்சினிச்சி, கொழுந்தன் என்று கேலிக்கு உரிமை உள்ள முறை இருக்கிறதல்லவா? இங்கே குலத்துக்குக் குலம் அந்த முறை உண்டு. முதலைக்கு மீன், சிறுத்தைக்கு ஆடு, காளானுக்கு மழை. முன்பின் தெரியாதவனாக இருந்தாலும், பேருந்தில் குலம் தெரிந்த நிமிடமே ஏச்சு தொடங்கிவிடும். ஏச்சோடு போகாது. கேலி முறைக்காரர் உங்கள் பொருளைத் தூக்கிக்கொண்டு போகலாம். நீங்கள் சத்தம் போட்டுக்கொண்டு பின்னாலேயே போய், ஒரு கோழியைக் கொடுத்து மீட்டுக்கொள்ள வேண்டும். கோழி கை மாறினால் கணக்குத் தீர்ந்தது. அதற்கப்புறம் அதைப் பற்றிப் பேசக் கூடாது. முக்கியமாக, கோபித்துக்கொள்ளக் கூடாது. கேலிக்குக் கோபித்தவரைப் போல இளப்பமானவர் இந்த மண்ணில் யாரும் இல்லை. செத்தால் அடக்கக் காரியத்தை முன்நின்று செய்வதும் கேலி முறைக்காரர்தான். அங்கேயும் ஏச்சுதான்.

லோம்பே வேலை பார்த்த வன ஆய்வு நிலையத்தில் பைன் மரத் தோட்டங்களைக் கவனிக்கும் பிரிவில் ஒருவன் இருந்தான். போனிஃபாஸ் கசோன்டே. மழைக் குலம்.

"ஏ காளான்! நான் ரெண்டு நாள் பெய்யலைன்னா நீ கருவாடு, ஞாபகம் வெச்சுக்க."

"யோவ் மழை! நீ பெஞ்சா கூரை ஒழுகுது, பெய்யலைன்னா ஊர் காயுது. உன்னால யாருக்கு என்ன பிரயோசனம்?"

"உன்னை முளைக்க வெச்சேனே, அதுதான் நான் செஞ்ச பாவம்."

தினமும் காலையில் இது நடக்கும். நிலையத்துக்கே அது காபி மாதிரி.

இங்கேதான் எனக்கு இந்தப் பாத்திரத்தின் மேல் சந்தேகம் வருகிறது. கசோன்டேயை வில்லனாக வைத்துவிட்டால் என் வேலை சுலபம், ஆசிரியரும் சந்தோஷப்படுவார். அவன் ஒத்துழைக்க மாட்டேன் என்கிறான். கூட்டங்களில் மற்ற ஆண்கள் லோம்பேயை டீ போடச் சொன்னால் முதலில் எழுந்து நிற்பவன் அவன்தான். "அவ போடற டீயைக் குடிச்சுட்டு நீங்க செத்தா நான் பொறுப்பில்லை. அவ விஷக் காளான்." எல்லோரும் சிரிப்பார்கள். அப்புறம் அவளை யாரும் டீ கேட்டதில்லை.

அவள் அம்மா இறந்தது கொட்டுகிற மழையில். வெட்டிய குழி நிரம்பிவிட்டது. கசோன்டே சட்டையைக் கழற்றிவிட்டு உள்ளே இறங்கி, ஒரு பானையால் தண்ணீரை இறைத்து இறைத்து ஊற்றினான். வாய் மட்டும் ஓயவில்லை. "காளானுக்கு ஈரம் புடிக்கும்னு தெரியும் தாயே, அதுக்காக இவ்வளவா? என் குலத்தையே குழிக்குள்ள இழுத்துக்கிட்டியே!"

"நான் அழுதுக்கிட்டே சிரிச்சேன், டீச்சர். அன்னைக்கு அவன் இல்லைன்னா நானும் அந்தக் குழிக்குள்ள போயிருப்பேன்."

இப்படிப்பட்டவனை வைத்துக்கொண்டு நான் எப்படிக் கதை எழுதுவது?

4

காளானுக்கு வருகிறேன்.

பெம்பா நாட்டில் மரக்கிளைகளை வெட்டிக் குவித்து எரித்து, அந்தச் சாம்பலில் கேழ்வரகு விதைப்பார்கள். அப்படி எரித்த வட்டத்தின் ஓரத்தில், முதல் மழைக்குப் பின், சாம்பல் நிறத்தில் ஒரு சிறிய காளான் வரும். அறுத்தால் பால் கசியும். சந்தையில் பெண்கள் மற்றக் காளான்களோடு சேர்த்துக் கூடையில் போட்டு விற்பார்கள். ஐரோப்பாவில் எழுதிய புத்தகங்களும் அதைத்தான் செய்திருந்தன. வேறொரு காளானோடு சேர்த்து ஒரே பெயர் போட்டிருந்தன. இல்லை, இது தனி இனம் என்று நிரூபிக்க லோம்பே மழைக்காலம் மழைக்காலமாக அலைந்தாள். சேற்றில் வண்டி புதைந்தால் தள்ளியவன் கசோன்டே. [அவனை மறுபடியும் இங்கே கொண்டுவந்ததற்கு மன்னிக்கவும். அவன்தான் தள்ளினான், நான் என்ன செய்ய?]

'அறுத்த இடத்தில் ஊறிய பால், பார்த்துக்கொண்டிருக்கும்போதே ரத்தமாய்ச் சிவந்தது' என்று எழுதியிருந்தேன். நல்ல வரி என்று எனக்கே பெருமை.

"ரத்தமா? எவன் சொன்னான்? காவி. அதுவும் உடனே ஆகாது. நான் தலையைப் பின்னி முடிக்கற நேரம் ஆகும். ரத்தம்னு நீ எழுதினா, நான் வேற காளானைப் பாத்ததா ஆயிடும். இத்தனை வருஷம் நான் நாயா அலைஞ்சது அந்தக் காவிக்குத்தான்."

சரி. காவி.

பறித்ததைக் கரி அடுப்பின் மேல் வலை கட்டி உலர்த்தினாள். செய்தித்தாளில் மடித்துப் பொட்டலம் கட்டினாள். ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு: இடம், மரம், எடுத்தவர் பெயர். இந்தத் துறையில் அந்தச் சீட்டுதான் வேதம். உலர்ந்த காளானும் சீட்டும் ஐரோப்பாவில் ஓர் அருங்காட்சியகத்துக்குப் போகும். அங்கே சரிபார்த்து, புது இனம்தான் என்று அச்சிடுவார்கள். அதற்குத் தன் பெயரை வைக்க வேண்டும் என்று அவள் ஆசைப்படவில்லை. 'சாம்பலில் பிறந்தது' என்று பொருள்படும்படி ஒரு பெயர் யோசித்து வைத்திருந்தாள். தான் கண்டுபிடித்ததாகப் பதிவானால் போதும். மக்காச்சோளம் தராமல் சிரித்த அந்தப் பெரிய மனுஷனுக்கு ஒரு பிரதி அனுப்ப வேண்டும் என்று மட்டும் எண்ணம். [இது அவள் சொன்னது. நானாக இருந்தால் நேரில் கொண்டுபோய் முகத்தில் எறிந்திருப்பேன்.]

5

பெட்டி மேசைமேல் தயாராக இருந்தது. லோம்பே சாப்பிடப் போயிருந்தாள். கசோன்டே உள்ளே வந்தான்.

அவன் செய்ததை இங்கே யாரும் குற்றம் என்று சொல்ல மாட்டார்கள். காளானின் பொருள் மழையின் கைக்கு எட்டுகிற தூரத்தில் கிடக்கிறது. எடுக்காமல் போனால்தான் அவமரியாதை. அவள் சீட்டுகளையெல்லாம் உரித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, 'எடுத்தவர்: போனிஃபாஸ் கசோன்டே' என்று அழகான கையெழுத்தில் எழுதி ஒட்டினான். அவள் திரும்பி வந்து பார்ப்பாள், நிலையமே அதிரக் கத்துவாள், கோழியோடு வருவாள், சீட்டுகளைத் திருப்பிக் கொடுப்பான். திட்டம் இவ்வளவுதான்.

அவள் திரும்பி வரவில்லை. தங்கைக்குப் பிரசவ வலி என்று ஆள் வந்து, நேரே என்டோலாவுக்குப் பேருந்து ஏறிவிட்டாள். கசோன்டே காத்திருந்து பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனான். தபால் வண்டி அன்றைக்கு முன்கூட்டியே வந்தது. நான் இந்த நாட்டுக்கு வந்ததிலிருந்து எந்த வண்டியும் முன்கூட்டியே வந்து பார்த்ததில்லை. இந்தக் கதைக்காக ஒரு தடவை வந்திருக்கிறது.

அவள் ஊரிலிருந்து திரும்பியதும் கேட்டான்: "ஏ காளான், கோழி எங்க?"

"எதுக்குக் கோழி?"

"பெட்டியைத் தொறந்து பாக்கலையா நீ?"

"பெட்டிதான் போயிடுச்சே."

இந்த இடத்தில், அவள் முகம் வெளிறியது, காலடியில் தரை நழுவியது என்று எழுதினேன். தரை எங்கேயும் நழுவவில்லை என்றாள்.

"சிரிச்சோம், டீச்சர். நானுந்தான். கண்ணுல தண்ணி வர்ற அளவுக்குச் சிரிச்சேன். அவன் தரையில உக்காந்துட்டான். அப்படிச் சிரிச்சேனேன்னுதான் எனக்கு இன்னைக்கும் ஆத்திரம்."

திருத்திவிடலாம் என்று இருவருமே நம்பினார்கள். லோம்பே அருங்காட்சியகத்துக்கு எழுதினாள். சீட்டில் உள்ளவரே எழுதிக் கேட்டால் மாற்றுகிறோம் என்று மரியாதையாகப் பதில் வந்தது.

"நாளைக்கு எழுதறேன்" என்றான் கசோன்டே.

மறுநாள் கேட்டாள். "கோழி இல்லாம எழுதினா குலத்துக்கு ஆகாது." கோழி கொண்டுபோய்க் கொடுத்தாள். அவன் மனைவி அதைக் குழம்பு வைத்தாள். அடுத்த வாரம் கேட்டதற்கு, "அது சின்னக் கோழி, காளான்" என்றான். அலுவலகமே சிரித்தது.

இதற்குள் அங்கே அச்சேறிவிட்டது. புது இனம்; அரிய கண்டுபிடிப்பு; எடுத்தவரைக் கௌரவிக்கும் விதமாக அவர் பெயரே காளானுக்கு. கசோன்டேக்குக் கருத்தரங்குக்கு அழைப்பு வந்தது. விமானத்தில் போனான். மழைக் குலத்தார் ஆடு அடித்தார்கள். மழை காளானை ஜெயித்துவிட்டதாம். ஆராய்ச்சித் தலைவர் பதவி காலியானபோது, வெளிநாட்டில் பெயர் தெரிந்த ஆள் என்று அவனுக்கே கிடைத்தது. அந்தப் பதவிக்கு லோம்பேயும் மனுப் போட்டிருந்தாள்.

'நாளைக்கு எழுதறேன்' மட்டும் நிற்கவில்லை. அது வணக்கம் சொல்வது போல ஆகிவிட்டது.

6

அவள் கோபத்தில் வெடிக்கும் காட்சி:

'லோம்பே கதவைத் தள்ளித் திறந்தாள். "போதும் கசோன்டே!" என்று அவள்

[கைவிட்டேன். அப்படி ஒரு நாள் வரவே இல்லை.]

"ஏன்க்கா ஒரு தடவையாவது நீங்க கத்தல?" என்று நான்தான் கத்தினேன்.

"எங்க அம்மா குழியில தண்ணி எறச்சவன் மேல எப்படிடி கத்தறது?" முதல் தடவையாக என்னை 'டி' போட்டுப் பேசினாள். "கோவிச்சா, கேலி தாங்காத காளான்னு நாலு ஊர் பேசும். கோவிக்காட்டி இப்படி. நீ சொல்லு, எது பரவால்ல?"

பதவி கைவிட்டுப் போன பிறகும் அவள் வேலை பார்த்தாள். வேறு காளான்கள், மரவேர்களோடு அவற்றுக்குள்ள உறவு, எது விஷம், எது உணவு, எல்லாம் எழுதினாள். அந்தச் சாம்பல் காளானைப் பற்றி அவளைவிட அறிந்தவர் யாரும் இல்லை என்பதால் அதைப் பற்றியும் அடிக்கடி எழுத வேண்டியிருந்தது.

"ஒவ்வொரு தடவையும் என் கையாலயே அவன் பேரை எழுதணும், டீச்சர். அதான் அதோட பேரு."

7

முடிவுக்கு வருவோம். கைவசம் சில இருக்கின்றன.

மரணப் படுக்கையில் கசோன்டே அவளை அழைத்து உண்மையை ஒப்புக்கொள்கிறான். [நடக்கவில்லை. மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மாரடைப்பு. பிடித்த கவளம் கையிலேயே இருந்தது.]

அருங்காட்சியகத்தில் ஓர் இளம்பெண் பழைய கடிதத்தைப் படித்துவிட்டுத் தானாகவே திருத்துகிறாள். [சிறப்பிதழுக்கு ஏற்றது. வேண்டுமானால் ஆசிரியரே எழுதிச் சேர்த்துக்கொள்ளட்டும்.]

நடந்தது இது.

கசோன்டேயை அவன் ஊரில் அடக்கம் செய்தார்கள். காளான் குலத்திலிருந்து அவள்தான் வர வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். முறை அது. பேருந்தில் லோம்பேயின் பக்கத்தில் நான்தான் இருந்தேன். அவளுக்குத் தலைமுடி முழுக்க நரைத்துவிட்டது. வழியெல்லாம் அவள் கை மடியில் கிடந்த துணியை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தது. அன்றைக்குச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டுதான் ஏறியிருந்தாள். ஊர் கூடும் இடம், அவனுடைய படித்த பிள்ளைகள், நிலையத்து ஆட்கள், எல்லோரும் இருப்பார்கள். கேலி முறைக்காரி பேசும்போது யாரும் குறுக்கே பேச முடியாது.

சவப்பெட்டியைத் தூக்கி வந்தபோது அவள் போய்க் குழியின் விளிம்பில் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

"இவனை இறக்க விடமாட்டேன்."

கூட்டம் கலகலத்தது. கேலி முறைக்காரர் பாக்கி இருக்கிறது என்று குழியை மறிப்பதும், கோழி கொடுத்து அவரை எழுப்புவதும் எதிர்பார்த்ததுதானே. கசோன்டேயின் தம்பி முறைப்படி முன்னால் வந்தான்.

"என்ன காளான், என்ன பாக்கி?"

"உங்கண்ணன் திருடன். என் காளானைத் திருடிட்டான். வெளிநாட்டுக்காரன் புஸ்தகத்துல அதுக்கு இவன் பேரு. கண்டுபுடிச்சது நான். சீட்டை மாத்தி ஒட்டினது இவன்."

சிரிப்பு வெடித்தது. ஒரு கிழவர் கைத்தடியைத் தரையில் தட்டினார்.

"சிரிக்காதீங்க! நான் வெளையாடல. முறையை ஒதுக்கி வெச்சுட்டுச் சொல்றேன். இது நெசம்."

"அம்மாடி, என்னமா நடிக்கிறா!" என்றாள் ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு. "இப்படி ஒரு காளானை நான் பாத்ததே இல்ல."

"நெசமாத்தான் சொல்றேன்! என் பதவி போச்சு. என் பேரு போச்சு. எழுதறேன் எழுதறேன்னு சொல்லியே இத்தனை வருஷம்..."

அழுகை வந்துவிட்டது அவளுக்கு. நிலையத்து ஆட்கள் கைதட்டினார்கள். இவ்வளவு நல்ல கேலியை அந்த ஊர் பார்த்து வெகுநாளாகியிருந்தது. கசோன்டே இருந்திருந்தால் எவ்வளவு ரசித்திருப்பான் என்று என் காதுபடவே ஒருவன் சொன்னான். அவன் செவிட்டில் அறைந்தால் என்ன என்று இருந்தது எனக்கு.

சிரிக்காமல் நின்றது கசோன்டேயின் மனைவி ஒருத்திதான். வீட்டுப் பக்கம் போய், கால் கட்டிய ஒரு சிவப்புக் கோழியோடு வந்தாள். குழி விளிம்பில் குனிந்து நீட்டினாள். அவள் சொன்னது பக்கத்தில் நின்ற எனக்கும் லோம்பேக்கும் மட்டும்தான் கேட்டிருக்கும்.

"பெரிய கோழிதான், அக்கா. பாத்துப் புடிச்சேன்."

லோம்பே நிமிர்ந்து அவளைப் பார்த்தாள்.

வாங்கினால் தீர்ந்தது. காளான் மழையுடையது, இனி ஒரு வார்த்தை பேசக் கூடாது. வாங்காவிட்டால், சொன்னது நிஜம் என்று ஊருக்கு உறைக்கும். ஆனால் தன் அம்மாவை அடக்கம் செய்தவனைக் குழி வாசலில் கிடத்தியவள் என்ற பேரோடு வீடு திரும்ப வேண்டும். மேகம் கூடிக்கொண்டு வந்தது. பெட்டியைத் தோளில் வைத்திருந்தவர்கள் கால் மாற்றி நின்றார்கள்.

8

அவள் என்ன செய்தாள் என்பது எனக்குத் தெரியும். பார்த்தேன்.

எழுதவா என்று கேட்டபோது லோம்பே சொன்னாள்: "எழுதிக்க. நீ எழுதினாலும் கதைன்னுதானே போடுவாங்க? குழி மேட்டுல உக்காந்து நான் சொன்னதை வெளையாட்டுன்னாங்க. நீ சொன்னா கதைம்பாங்க. உனக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?"

அவள் சொன்னது சரி. தலைப்புக்குக் கீழே 'சிறுகதை' என்று சின்ன எழுத்தில் அச்சடிப்பார்கள். பக்கத்திலேயே குடை பிடித்த ஒரு பெண்ணின் படம் போடுவார்கள்.

ஆகவே முடிவை நான் எழுதப்போவதில்லை. இதுவரை படித்த உங்களுக்கு அவள்மேல் இரக்கம் வந்திருக்கும். "ஐயோ பாவம், என்ன அநியாயம்" என்பீர்கள். கண்கூடக் கலங்கலாம். அப்புறம் மனம் லேசாகி, அடுத்த பக்கத்தைப் புரட்டுவீர்கள். நன்றாகப் பாருங்கள், உங்கள் கையில் இருப்பதும் கால் கட்டிய ஒரு கோழிதான்.

நீட்டுங்கள். அவள் எதிரில்தான் உட்கார்ந்திருக்கிறாள். கைகள் இன்னும் மடியில்தான் இருக்கின்றன.